விண்வேங்கை வட்டத்தின் சிறப்புரை

சிங்கப்பூரின் வான்வெளியில் இன்றுவரை ஒரு கீறல்கூட விழாமல் இருப்பதற்கு யார் காரணம் என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ராணுவம் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியைக் கைகாட்டுவார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை அங்கேதான் 'விண்வேங்கை வாசகர் வட்டம்' கூடுகிறது. போர்விமானம் பறக்காத நாவலைக் கையாலும் தொடுவதில்லை என்று விரதம் பூண்ட பெரியவர்களின் சபை அது. ஏவுகணைகளைப் பற்றி இத்தனை பேர் இத்தனை நுணுக்கமாக, அதுவும் மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டே, விவாதிக்கும் ஓர் ஊரைத் தாக்க எந்த எதிரிக்குத் துணிச்சல் வரும்?

வட்டத்தின் நிறுவனத் தலைவர் மாணிக்கம், மின்தூக்கிப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் மேலே போவதும் கீழே வருவதுமாகவே இருந்ததால் விமானவியல் அவருக்கு இயல்பாகவே படிந்துவிட்டது. தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணியில் நாடு அவருக்கு அரிசிக் கிடங்கைக் கொடுத்தது. அது நாட்டுக்குத்தான் நட்டம். செயலாளர் நூர்தீனுக்குச் சிராங்கூன் சாலையில் துணிக்கடை. கொள்முதலுக்குச் சென்னை போகும்போது விமானம் ஏறியதும் கண்ணை மூடி ஓதத் தொடங்கினால், இறங்கித்தான் திறப்பார். நாவலுக்குள் ஏறினால் மட்டும் அவருக்குத் தலைசுற்றாது. ஆலோசகர் அப்துல் முத்தலிப் காப்புறுதி முகவராக இருந்தவர். கதையில் எந்த விமானம் வெடித்தாலும், அதன் மதிப்பை அடுத்த பக்கம் புரட்டுவதற்குள் சொல்லிவிடுவார்.

இந்தப் பெருமைகளுக்கெல்லாம் அருகில் இருந்து வாழும் பேறு பெற்றவள் சுசீலா, மாணிக்கத்தின் மனைவி. சாப்பிட வாங்க என்று அவள் கூப்பிட்டால், அறைக்குள்ளிருந்து, "எரிபொருள் இருக்கு, இன்னும் ஒரு சுற்று!" என்று பதில் வரும். சோறு ஆறிப்போனதைச் சொன்னால், விமானியைப் போல "ரோஜர்" என்பார். ஒரு பெண்ணின் இல்லறத்தில் இதற்குமேல் என்ன வேண்டும்?

சுசீலாவுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. உமாமகேஸ்வரி.

சென்ற ஆண்டு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது சுசீலாவைப் பார்த்துக்கொண்ட தாதி அவள். வன்னியில் பிறந்து, கொழும்பில் படித்து, வேலைக்காகச் சிங்கப்பூர் வந்த பெண். "காலை நீட்டுங்கோ மாமி, பயப்பிடாதையுங்கோ" என்று அவள் சொன்னதும் சுசீலாவின் முழங்காலும் மனசும் ஒன்றாகத் தளர்ந்தன. இவள் நம் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று அம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மகன் யுகேந்திரன் நேரம் தவறாமல் வந்து, நோயாளியைப் பார்க்காமல் தாதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் மகனும் ஒரே பெண்ணை விரும்பிய குடும்பத்தில் அப்பா மட்டும் பாக்கி.

"சிலோன் பொண்ணுப்பா. சொந்தம் பந்தம் யாருன்னே தெரியல," என்றார் மாணிக்கம்.

"அவங்களுக்கு யாரும் இல்லப்பா. அதான் தெரியல," என்றான் யுகேந்திரன்.

அம்மாவிடம் தனியாக அவன் சொன்னது வேறு. "ரிஜிஸ்டர் பண்றது ஈஸிம்மா. ஆனா உமா ஒத்துக்க மாட்டேங்குறா. அப்பா முழு மனசா சரின்னு சொன்னாத்தான் வருவாளாம். புருஷன் மட்டும் போதாது, ஒரு அப்பாவும் வேணுமாம்."

அதனால் ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை, புக்கிட் மேராவில் அவர்கள் வீட்டு மதிய உணவுக்கு உமா அழைக்கப்பட்டாள். சுசீலா மீன்குழம்பு வைத்திருந்தாள். மாணிக்கம் முகத்தை நேர்முகத் தேர்வுக்கு ஏற்ப வைத்திருந்தார்.

"என்ன படிப்பீங்கம்மா, ஓய்வு நேரத்துல?"

"நைட் ஷிஃப்ட் முடிஞ்சா நித்திரைதான் மாமா."

மாணிக்கம் சுசீலாவைப் பார்த்தார். சுசீலா குழம்பைப் பார்த்தாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

அப்போது உமாவின் கை சோற்றில் நின்றது. நாற்காலியைச் சன்னலிலிருந்து பின்னால் நகர்த்தினாள். தலையைச் சற்றுச் சாய்த்தாள்.

"ரெண்டு வருது," என்றாள். "இல்லை, மூண்டு. கடல் பக்கத்தால."

"என்ன வருது?" என்றார் மாணிக்கம்.

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. தேசிய தின ஒத்திகைக்கான போர்விமானங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்தன. மாணிக்கம் எச்சில் கையோடு தாழ்வாரத்துக்கு ஓடி எண்ணினார். மூன்று. கடல் பக்கமிருந்து.

திரும்பி வந்தபோது அவர் வேறு மனிதர். "எந்த சீரீஸ்மா படிக்கிறீங்க? சொல்லக்கூடாதா? ஏன்டா யுகேன், இதை நீ சொல்லவேயில்லையே! நம்ம வட்டத்துலயே ஒருத்தருக்கும் இந்தக் காது கிடையாது. நூர்தீனுக்கு பஸ் வந்தாலே தெரியாது!"

உமா மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்திருந்ததைச் சுசீலா மட்டும் பார்த்தாள். கணவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேசி முடித்துவிட்டார். கல்யாணத்துக்குச் சம்மதம். முழு மனசாகச் சம்மதம். அதை இந்த மாத ஆண்டுக் கூட்டத்தில், வட்டத்தார் எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பார். அதற்குமுன் உமா ஒரு சிறப்புரை ஆற்ற வேண்டும்.

சமையலறையில் பாத்திரம் கழுவும்போது சுசீலா அவள் காதருகே சொன்னாள். "வேண்டாம்மா. நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன். இந்த மனுஷனுக்கு ஒண்ணும் விளங்காது."

உமா தட்டைத் துடைத்து வைத்தாள். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் என்னட்ட இதைக் கேட்டதில்லை மாமி. பாவம் எண்டுவினம், கதையை மாத்துவினம். மாமா கேக்கிறார்தானே. நான் சொல்லுறன்."

சுசீலாவுக்குத் தைரியம் வரவில்லை. தடுத்தால் சம்மதம் போய்விடும். தடுக்காவிட்டால் என்ன போகும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தடுக்கவில்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு மாடி நிரம்பியிருந்தது. மேடைக்குப் பின்னால், சுவரை மறைத்துக்கொண்டு ஒரு பதாகை. பாய்ந்து வரும் விமானம், அதன் இறக்கைக்கடியில் உமாவின் சிறிய புகைப்படம். நூர்தீன் தன் கடைச் சட்டையில் புதிதாக ஒன்றை உடைத்துப் போட்டிருந்தார். முத்தலிப் அறிமுக உரையில், பேச்சாளரின் 'ஒலிவழி இலக்கு அறியும் ஆற்றல்' உலகப் படைகளுக்கே அரிது என்று குறிப்பிட்டார். கைத்தட்டல்.

உமா ஒலிபெருக்கியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாள்.

"எங்கட ஊரில குண்டு போட வாற பிளேனைக் கிபிர் எண்டுவம். சத்தத்தைக் கேட்டுப்போட்டு ஓடலாம் எண்டு நினைக்கக் கூடாது. சத்தம் பிறகுதான் வரும். நாய்க்குத்தான் முதல்ல தெரியும். நாய் பங்கருக்குள்ள ஓடினா நாங்களும் ஓடுவம்."

"பங்கர்னா கான்கிரீட்டா?" என்று முத்தலிப் கேட்டார்.

"இல்லை அங்கிள். கிடங்கு. நிலத்தில நாங்களே வெட்டின குழி. மேல தென்னங்குத்தி போட்டு மண் மூட்டை அடுக்குவம். உள்ளுக்குக் கவிண்டு படுக்கோணும். வாயைத் திறந்து வைச்சிருக்கோணும், இல்லாட்டிக் காது போயிடும்."

"வாயத் திறந்து!" என்று நூர்தீன் பக்கத்து நாற்காலியிடம் வியந்தார். "இது எந்த புக்குலயும் வரல லா!"

"அண்டைக்கு நான் கிணத்தடியில நிண்டனான். தம்பி மாமரத்துக்குக் கீழ இருந்து பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு மட்டை போட்டுக்கொண்டிருந்தவன். நாய் ஓடினது. நான் ஓடினன். அவனும் ஓடி வந்தவன். வந்திட்டுப் புத்தகத்தை எடுக்கத் திரும்பிப் போனவன்."

மாடியில் மின்விசிறி சுழன்றது. சுசீலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யுகேந்திரன் எழுந்து நின்றுவிட்டான். இந்த விவரங்கள் அவனுக்கே தெரியாது.

வட்டத்தின் மரபுப்படி அடுத்தது கேள்வி நேரம். எத்தகைய படைப்பாக இருந்தாலும் அறிவுபூர்வமாக அணுகுவது வட்டத்தின் சிறப்பு.

"என்ன உயரத்துல இருந்தும்மா போட்டாங்க?"

"தெரியாது."

"எத்தனை கிலோ வெடிபொருள்? ஒரு தோராயமா?"

"குழி எங்கட கிணத்தை விடப் பெரிசு."

"வெரி குட். அந்த பைலட் பேரு என்ன? அவர் பின்னணி ஏதாச்சும்?"

"தெரியாது அங்கிள். அவருக்கும் எங்கட பேர் தெரியாது."

முத்தலிப் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது மதிப்பெண். கேட்ட கதை எதுவாக இருந்தாலும், வட்டத்தார் அட்டையில் எண் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். தொழில்நுட்பத்துக்கு எல்லோரும் பத்து காட்டினார்கள். பதற்றத்துக்கு ஒன்பது. கதாநாயகன் என்ற பிரிவில் மட்டும் பூஜ்ஜியமாகப் போயிற்று. விமானி ஓர் இடத்தில்கூடப் பேசவில்லை, அவனுடைய மனப்போராட்டம் சொல்லப்படவில்லை என்று முத்தலிப் காரணம் விளக்கினார். சுசீலா கணவரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த அட்டையில் எண் எதுவும் இல்லை.

நூர்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நல்ல மனிதர். கடைக்கு வரும் ஏழைப் பெண்களுக்கு விலையைக் குறைத்துவிட்டு மனைவியிடம் திட்டு வாங்குபவர்.

"ரொம்ப அருமைம்மா. மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரே ஒரு குறைதான், தப்பா நினைக்காதீங்க. முடிவு. கடைசியில அந்தத் தம்பிய மட்டும் காப்பாத்தியிருக்கலாம்."

உமா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஓம் அங்கிள்," என்றாள். "காப்பாத்தியிருக்கலாம்."

தன் குறையைப் பேச்சாளரே பணிவுடன் ஏற்றுக்கொண்டதில் வட்டத்துக்குப் பெரும் திருப்தி. கைத்தட்டல் மாடியை அதிரவைத்தது. உமா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். யுகேந்திரன் அவள் பின்னால் ஓடினான்.

மாணிக்கம் ஒலிபெருக்கி முன் நின்றிருந்தார். கையில் சம்மத உரை, இரண்டு பக்கம், தட்டச்சு செய்தது. "அன்பார்ந்த விண்வேங்கைகளே," என்று தொடங்கினார். மேற்கொண்டு போகவில்லை.

சுசீலா எழுந்தாள். அறுவைச் சிகிச்சை செய்த முழங்காலோடு அவள் அத்தனை வேகமாக நடந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"என்னங்க," என்றாள். ஒலிபெருக்கி அவள் குரலையும் பிடித்துக்கொண்டது. "வட்டத்தோட தலைவர் சம்மதம் எங்களுக்கு வேண்டாம். அந்தப் பொண்ணு கேட்டது ஒரு அப்பாவை. அப்படி ஒருத்தர் இங்க இருந்தா, கீழ வரச் சொல்லுங்க."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். கீழே, கடையின் ஒதுக்குப்புற மேசையில் உமா உட்கார்ந்திருந்தாள். யுகேந்திரன் வாங்கி வைத்த தே ஹலியா, இஞ்சித் தேநீர், தொடப்படாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சுசீலா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தாள். அந்தச் சொல் போதாது என்று தோன்றியது.

படியில் காலடிச் சத்தம். தயங்கித் தயங்கி வந்தது. மாணிக்கம் மேசைக்கு எதிரே வந்து நின்றார். உரைத்தாள் கையில் இல்லை. நாற்காலியை இழுத்தார், உட்காரவில்லை. ஓர் ஆயுள் முழுக்க மின்தூக்கியிலேயே போய் வந்தவருக்குப் படியிறங்கியதில் மூச்சு வாங்கியது.

"தம்பி பேரு என்னம்மா?" என்றார்.

உமா நிமிர்ந்தாள். "நிரோஜன்."

"என்ன வயசு?"

"எட்டு மாமா. கணக்கில கெட்டிக்காரன். புட்டும் மாம்பழமும் எண்டா விடமாட்டான்."

"நிரோஜன்," என்று மாணிக்கம் திருப்பிச் சொன்னார். உட்கார்ந்தார். "சொல்லும்மா. இன்னும் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

உமா தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். இடையில் ஒருமுறை சிரித்தாள்கூட. தம்பி நாய்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கதை அது. கல்யாணத்தைப் பற்றி அந்த மேசையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கடையை விட்டுக் கிளம்பும்போது மாணிக்கம், "வீட்டுக்குப் போலாம் வாம்மா," என்றார். அவளும் வந்தாள்.

தலைவர் இப்படிப் பாதியில் இறங்கிப் போனாலும் மாடியில் கடமை நிற்கவில்லை. முத்தலிப் தலைமையில் கூட்டம் தொடர்ந்தது. நாட்டின் வான்வெளியையும் வாசகர்களின் ரசனையையும் ஒருசேரக் காக்கும் பொருட்டு, ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: தரையிலிருந்து சொல்லப்படும் கதைகளை இனி வட்டம் ஏற்பதற்கில்லை. அவற்றில் விமானம் மிகச் சிறியதாகவும், மனிதர்கள் தேவைக்கு மீறிப் பெரியவர்களாகவும் தெரிகிறார்கள்.