சிரிப்புத் தாழி

களிநாட்டை மகிழ்ச்சிவர்மன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். குடிகளின் குறைகளைக் கேட்டால் அவனுக்கு நெஞ்செரிச்சல் வரும். வைத்தியர் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். எரிச்சலும் தீரவில்லை, குறைகளும் தீரவில்லை. அமைச்சரவை கூடி ஆணை பிறப்பித்தது: இனி எந்தக் குறையும் நகைச்சுவை நாடகமாக மட்டுமே மன்னர் முன் வர வேண்டும். மக்களும் கண்டு களிக்க வீட்டுக்கொரு மாயக்கண்ணாடி இலவசம். நாடகத்தில் சிரிப்பு எழுந்துவிட்டால், அந்தக் குறை தீர்ந்ததாகக் கொள்ளப்படும்.

கண்ணாடி வந்த அன்று ஊரே மாவிலைத் தோரணம் கட்டியது. வெல்லக்கடை வடிவாம்பாள் மட்டும் அதைத் திருப்பி முதுகைத் தட்டிப் பார்த்தாள். மூட்டையின் வாயில் தெரியும் அச்சுவெல்லத்தை அவள் நம்புகிறவளில்லை. அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்த பிறகுதான் விலையே பேசுவாள்.

"சும்மா குடுக்கறவன் போகும்போது எதைத் தூக்கிட்டுப் போறான்னு பாக்கணும்டி," என்றாள் மகள் தில்லையிடம். தில்லை எழுந்து உள்ளே போனாள். அவள் பேச்சைக் குறைத்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

வடிவாம்பாளைப் போலக் கோட்டைக்கு வெளியே குடியிருப்பவர்கள் சந்தைக்கோ அரண்மனைக்கோ போக ஒரே வழி சுங்கச்சாவடிதான். அங்கே ஒரு சட்டம் உண்டு: அரண்மனை வண்டியே ஆனாலும், மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் உள்ளே விடக் கூடாது. கூடைக்கும் குடத்துக்கும் போட்ட இந்தச் சட்டத்தை அதிகாரி கோதண்டம் பெண்களின் முந்தானை வரை நீட்டிவைத்திருந்தான். கண்ணாடி வருவதற்குச் சில மாதம் முன்பு ஒருநாள் தில்லையை நிறுத்தினான். சுற்றி நின்ற காவலர்கள் சிரித்தார்கள். அன்று வீட்டுக்குள் போனவள்தான். பிறகு வாசற்படி தாண்டவில்லை.

வடிவாம்பாள் கேட்டது ஒன்றே ஒன்று: கோதண்டத்தைச் சாவடியிலிருந்து எடுக்க வேண்டும், தன் மகள் பழையபடி தெருவில் நடக்க வேண்டும். மனு நகைச்சுவைத் துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாலை கண்ணாடியில் நாடகம் வந்தது. பருத்த ஆண் ஒருவன் புடவை சுற்றி, நெஞ்சில் பூசணிக்காய்களை அடைத்துக்கொண்டு வெல்லக்கூடையுடன் நுழைந்தான். அதுதான் வடிவாம்பாளாம். அதிகாரியாக வந்தவன் அழகன். "என்னையும் சோதியுங்களேன்!" என்று புடவைக்காரன் துரத்த, அழகன் அலறியடித்துக் கூரை மேல் ஏறினான். கண்ணாடிக்குள்ளிருந்து குபீரென்று சிரிப்பு எழுந்தது. தெருவும் சேர்ந்து சிரித்தது.

மறுநாள் பக்கத்துக் கடை அவல் வியாபாரி சுடலைமணி ஆரம்பித்தான். "என்னக்கா, பாவம் அந்த அதிகாரி! இனிமே அவருக்குத்தான் காவல் போடணும் போலிருக்கே!"

"உன் பொண்டாட்டியும் அந்த வழியாத்தானேடா வர்றா? நேத்து அவ சிரிச்சாளா?"

சுடலைமணி யோசித்தான். சிரிப்பு வந்த இடத்தில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அவளுக்கு நகைச்சுவையே புரியாதுக்கா," என்று அவலை அளக்கத் திரும்பிக்கொண்டான்.

வடிவாம்பாளை வேறொன்று உறுத்தியது. தில்லை நாடகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள். சிரிப்பு வந்தபோதுதான் காதைப் பொத்தினாள். அடுத்த நாள் வந்தது ஒரு கஞ்சனைப் பற்றிய நாடகம். அதிலும் சிரிப்பு வந்தவுடன் காதைப் பொத்தினாள். மூட்டையின் அடியில் ஏதோ புளித்த வாடை.

வடிவாம்பாள் நகைச்சுவைத் துறை அமைச்சர் பரவசநாதரைத் தேடிப் போனாள்.

"அம்மணி, தங்கள் குறைதான் தீர்ந்துவிட்டதே! நாடே சிரித்தது. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைப்பதே எம் துறையின் கொள்கை."

"சிரிச்சாச்சுங்க. சிந்திக்கிறது எந்தக் கிழமைங்க?"

"அது வேறு துறை. அதற்கு இன்னும் அமைச்சரை நியமிக்கவில்லை."

அவருக்குப் பின்னால் வாய் கட்டிய தாழிகள் வரிசையாக இருந்தன. "அதுல என்னங்க?"

"பிடித்து அடைத்த சிரிப்பு. வேண்டிய இடத்தில் மூடியைத் திறப்போம். முதலில் தாழி சிரிக்கும். அதைக் கேட்டு மக்கள் சிரிப்பார்கள். முதல் ஆளாகச் சிரிக்க மக்களுக்குக் கூச்சம் பாருங்கள்."

"எந்த ஊர்ச் சரக்குங்க?"

"உள்ளூர்ச் சரக்குதான். சாவடியில் பிடித்தது. அங்கேதான் பகலெல்லாம் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை."

வடிவாம்பாள் தாழிகளின் பக்கம் கைநீட்டினாள். "எம்பொண்ணைப் பாத்துச் சிரிச்சதையா அய்யா வீடு வீடா ஊத்திவிட்டீங்க? அவ எங்க போய்ச் சொல்லுவா? உள்ளயே அழுதுட்டுக் கெடக்கா!"

பரவசநாதருக்குக் கண் கலங்கியது. "அழுகிறாளா? ஆகா! கனமான கருத்து!"

மறுநாளே புதிய ஆணை முரசறைந்து அறிவிக்கப்பட்டது: பெண்மையைப் போற்றும் பொருட்டு, இனி கண்ணாடியில் பெண்களைப் பார்த்து எவரும் சிரிக்க மாட்டார்கள். பெண் வேடத்தைப் பெண்களே ஏற்பார்கள். ஏற்று, அழுவார்கள். யாரும் பார்த்துச் சிரிக்காமல், தானும் அழாமல் ஒருத்தி வந்தால் என்ன செய்வது என்று நாடக ஆசிரியர் ஒருவர் கேட்டாராம். கிடங்கில் அந்த ரகம் இல்லை என்று பதில் வந்தது. கோதண்டம் இருந்த இடத்திலேயே இருந்தான்.

அழுகை கையிருப்பு போதாததால் சேவகர்கள் காலித் தாழிகளோடு வீடு வீடாக வந்தார்கள். வடிவாம்பாள் வாசலிலும் வண்டி நின்றது.

"பெரியம்மா, உங்க பொண்ணோட அழுகை அசல் சரக்குன்னு அமைச்சர் சொன்னாரு. கொஞ்சம் வரச்சொல்லுங்க."

வடிவாம்பாள் தாழியின் அடியைத் தட்டிப் பார்த்தாள். "எந்த வழியாக் கொண்டு போவீங்க?"

"சாவடி வழியாத்தான். வேற வழி ஏது?"

"மூடியா, திறந்தா?"

"திறந்து கொண்டுபோனா சரக்கு வீணாயிடுமே. மூடித்தான்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடி தில்லை?"

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. தில்லை நிலைவாசலில் வந்து நின்றாள். வண்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்து தாழியின் மேல் குனிந்தாள். அழவில்லை. கோதண்டத்தின் பெயரைச் சொன்னாள். அவன் செய்ததைச் சொன்னாள். சிரித்தவர்களின் பெயர்களையும் சொன்னாள். தொண்டை நரம்பு புடைக்க, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இதுல அழுகை எங்கப்பா?" என்றான் ஒரு சேவகன்.

"நமக்கென்ன வந்தது? ரொம்பிடுச்சு, மூடு," என்றான் மற்றவன்.

வண்டி நகர்ந்தது. தாயும் மகளும் அதன் பின்னாலேயே தெருமுனை வரை நடந்து போய் நின்றார்கள். சந்தை நாளாதலால் சாவடியில் பெண்களின் வரிசை நீண்டிருந்தது. கோதண்டம் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினான். காவலர்கள் வழக்கம்போலச் சுற்றி வந்து நின்றார்கள்.

மூடியிருந்த எதையும் அவன் திறந்து பார்க்காமல் விட்டதில்லை.