காளான் காவல்

"கூடை இல்லாம வந்திருக்கான் பார், அதுதான் எனக்கு உதைக்குது" என்றார் ஃபிர்மேன்.

காபிக்கடை ஜோசெத் குவளையைத் துடைத்தபடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எதிரே தேவாலயப் படியில் ஒரு வெளியூர்க்காரர் உட்கார்ந்து காலணி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கைத்தடி, முதுகுப்பை, தொப்பி. அவ்வளவுதான்.

"கூடை இருந்தா என்ன ஆகும்?"

"காளான் பறிக்க வந்தவன்னு தெரிஞ்சுபோகும்."

"இல்லேன்னா?"

"காளான் பறிக்க வந்ததை மறைக்கிறான்னு அர்த்தம்."

"அப்ப உன் கண்ணுக்கு யோக்கியனாத் தெரியணும்னா எதைத்தான் கொண்டுவரணும்?"

"வரவே கூடாது. அக்டோபர்ல இந்த ஊருக்கு ஒருத்தனும் வரக் கூடாது."

திங்கட்கிழமை நல்ல மழை பெய்திருந்தது. அதன்பின் இளவெயில். இப்படி ஒரு வாரம் வாய்த்துவிட்டால் மொந்தேராக் கிராமத்தில் யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. காட்டுக்குப் போகிறவன் ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்வான். உண்மையிலேயே ரொட்டி வாங்கப் போகிறவனை நாலு பேர் பின்தொடர்வார்கள். செப் காளான் முளைக்கும் இடம் அங்கே குடும்ப ரகசியம். ஃபிர்மேனின் அப்பா அதை மகன் காதில் போட்டது சாகும் தறுவாயில்தான். அதுவும் பாதிரியாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு.

ஃபிர்மேன் அதைத் தன் மனைவி சொலாஞ்சுக்குக்கூடச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். "எது வேணா கேளு, இதை மட்டும் கேக்காதே" என்றார். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் இதை மட்டும்தான் கேட்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர் விருந்து. நீள மேஜையின் நட்டநடுவில் வைக்கப்படுவது எப்போதும் ஃபிர்மேனின் கூடைதான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு ஊரில் மிச்சமிருந்த ஒரே மரியாதை அது. அந்தக் கூடை இந்த வருஷம் காலியாகப் போய்விட்டால் அவரால் ஊரில் தலைகாட்ட முடியாது.

வெளியூர்க்காரர் கடைக்குள் வந்தார்.

"வணக்கம் மெசியே. பேரு ஆன்செல்ம். பழைய கட்டடம், ஒத்தையடிப் பாதைன்னா எனக்கு உயிர். இந்த ஊர்ப் பாதை ஒண்ணு விடாம நடந்து பார்க்கணும்னு வந்திருக்கேன்."

"ஒண்ணு விடாமலா?" என்றார் ஃபிர்மேன்.

ஊர் நடைபாதைகளில் மரத்துக்கு மரம் மஞ்சள் கோடு போட்டு வழிகாட்டும் குழுவில் ஃபிர்மேன்தான் தலைவர். உறுப்பினரும் அவரேதான். எனவே ஆன்செல்மை மேற்கே மலைக்கோயிலுக்கு அனுப்பிவிட்டு, டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு தன் காளான் இடத்துக்குப் போகும் ஓடைப் பாதைக்கு ஓடினார். முதல் மரத்தில் மஞ்சள் பெருக்கல் குறி ஒன்று போட்டார். 'இது வழியல்ல' என்று அர்த்தம். நடைப்பயணிகள் அதை மீற மாட்டார்கள்.

சாயங்காலம் ஆன்செல்ம் திரும்பி வந்தார்.

"கோயில் பிரமாதம் மெசியே. திரும்பி வந்து அப்படியே ஓடைப் பக்கமும் போனேன், ஒரு மரத்துல பெருக்கல் குறி பார்த்தேன். தொட்டேன், ஒட்டிக்கிச்சு." விரலைக் காட்டினார். மஞ்சள்.

ஃபிர்மேன் தன் கட்டைவிரலைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அது வந்து... அங்க வேட்டை நடக்குது. காட்டுப்பன்றி. குண்டு எங்க பாயும்னு சொல்ல முடியாது."

சொல்லிவிட்டாரே தவிர, வேட்டை என்றால் பலகை வேண்டுமே. கொட்டகையிலிருந்து 'எச்சரிக்கை, வேட்டை' என்ற முக்கோணப் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் ஓடைக்கரையில் நட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வேட்டைக்காரர் சங்கத் தலைவர் ராவுல். பின்னால் நாய்கள்.

"யாருய்யா அது, எங்களைக் கேக்காம எங்க காட்டுல வேட்டையாடுறது?"

"எனக்கென்ன தெரியும்?"

"பலகை உன் கொட்டகையில இருந்தது, தபால்காரா. அங்க பன்றி நடமாட்டம் இருக்கா, இல்லையா?"

இல்லை என்றால் பலகை ஏன் என்பான். இருக்கிறது என்றால் நாய்களோடு உள்ளே இறங்குவான். ஒரு காளான்கூட மிதிபடாமல் தப்பாது.

"இருந்துச்சு. நேத்து மேற்கே ஓடிருச்சு. பெரிய பன்றி. கோயில் பக்கமா."

நாய்கள் மேற்கே பாய்ந்தன. பலகையைப் பிடுங்கவும் ராவுல் மறக்கவில்லை. மேற்கேதான் ஆன்செல்மை இன்னொரு முறை அனுப்புவதாக இருந்தார் ஃபிர்மேன். இப்போது மேற்கே நாய்கள். கிழக்கே பலகையில்லாத ஓடை. வேறு வழியில்லாமல், "நானே கூட இருந்து சுத்திக் காட்டுறேன், மெசியே" என்று சொல்லிவிட்டார்.

சொலாஞ்ச் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உப்புக்கண்டமும் ரெண்டு பேருக்குக் கட்டிக் கொடுத்தாள்.

"பாவம், ஆசைப்பட்டு வந்திருக்கார். அவசரப்படாம எல்லாத்தையும் காட்டு."

"உனக்குத் தெரியாது சொலாஞ்ச். அவன் ஆள் சரியில்லை."

"அப்ப இன்னும் நல்லது. உன் கண்ணு முன்னாலயே இருப்பாரில்லே?"

இவளுக்கும் சமயத்தில் புத்தி வேலை செய்கிறது என்று ஃபிர்மேன் வியந்தார்.

நடந்தார்கள். பழைய பாலம், இடிந்த மில், துணிதுவைக்கும் கல்தொட்டி, முச்சந்திக் கல்சிலுவை. ஒவ்வொன்றின் முன்னும் ஆன்செல்ம் தலையாட்டி ரசித்துவிட்டு, "அவ்வளவுதானா மெசியே?" என்பார். அந்தக் கேள்வி ஃபிர்மேனுக்கு முள்ளாகக் குத்தியது. மாடுகள் படுத்துப் படுத்துக் குழிந்த பள்ளம் ஒன்றை, ஆங்கிலேயர் தோற்ற போர்க்களம் என்று காட்டினார். பழைய கோட்டையின் வடக்குக் கோபுரத்தடியில் பொழுதை ஓட்டச் சரக்கு தீர்ந்துபோய், "இங்கதான் ஒரு பிரபு தன் மாமியாரை ஏழு வருஷம் அடைச்சு வெச்சிருந்தார்" என்று அடித்துவிட்டார்.

மறுநாள் காலை தேவாலயப் படியில் ஆன்செல்மோடு பயணிகள் கூடாரமடிக்கும் திடலிலிருந்து வந்த டச்சுக்காரர்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். மாமியார் கதை கேட்க.

"மாமியார் பேரு என்ன?" என்று கேட்டாள் ஒரு டச்சு அம்மாள், கோபுரத்தடியில் பேனாவைத் திறந்தபடி.

திடீரென்று கேட்டால் பெயருக்கு எங்கே போவது? "ஹென்றியெத்" என்று தன் சொந்த மாமியாரின் பெயரைச் சொல்லிவிட்டார் ஃபிர்மேன்.

ஆன்செல்முக்குப் பலமாக இருமல் வந்தது. கோபுரத்துக்குப் பின்னால் போய் வெகுநேரம் இருமினார்.

ஃபிர்மேனின் முழங்கால் வீங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வந்ததும் காலை வெந்நீரில் வைத்தவர் அப்படியே நாற்காலியில் உறங்கிப்போனார். சனிக்கிழமை காலை டச்சுக்காரர்கள் வேறு ஊர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு வந்ததால், மறுபடி ஒரு சுற்று. ஹென்றியெத்துக்கு இந்தமுறை கள்ளக்காதலனும் முளைத்தான்.

மத்தியான பஸ்ஸில் ஆன்செல்ம் ஏறினார். அவர் கையில் அப்போதும் கூடையில்லை. முதுகுப்பையைக்கூட, வைக்க உதவுகிற சாக்கில் ஃபிர்மேன் அமுக்கிப் பார்த்துவிட்டார். சட்டை, துண்டு, காலணி. காளான் வாசனையே இல்லை.

"இப்படி யாரும் ஊரைச் சுத்திக் காட்டமாட்டாங்க மெசியே. உங்களை மறக்கமாட்டேன்."

பஸ் வளைவில் மறைந்ததும் ஃபிர்மேனுக்கு விசிலடிக்கத் தோன்றியது. ஜெயித்தாகிவிட்டது! கூடையை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு, ரொட்டிக்கடைப் பக்கம் போவதுபோல் போய், கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, அப்பா சொன்ன செஸ்ட்நட் மரங்களுக்கடியில் மண்டியிட்டார்.

சருகை விலக்கினார். அடித்தண்டு மட்டும் இருந்தது. அடுத்த மரம். அடித்தண்டு. எல்லாவற்றையும் கத்தியால் நறுவிசாக அறுத்து, வேர் கெடாமல், சருகை மறுபடி பழையபடியே மூடிவைத்திருந்தார்கள். வெளியூர்க்காரன் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். இது உள்ளூர்க் கை.

காபிக்கடைக்குள் அவர் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. ராவுல் மூலையில் குடித்துக்கொண்டிருந்தார்.

"ராவுல், நீதானே?"

"நான்தான். என்ன இப்ப?"

"என்னுதைத் திருடிட்டே!"

"எதை?"

"அதைச் சொல்ல முடியாது."

"எங்கே இருந்து?"

"அதையும் சொல்ல முடியாது."

"சரி, போலீசுக்குப் போ" என்றார் ராவுல். "'சொல்ல முடியாத இடத்துல சொல்ல முடியாத பொருள் காணோம்'னு சொல்லு. உடனே வண்டி எடுத்துட்டு வந்துருவாங்க."

கடையே சிரித்தது. ஃபிர்மேன் நாற்காலியில் சரிந்தார். "அப்ப அந்த ஆன்செல்ம்தான். எப்படியோ என் கண்ணுல மண்ணைத் தூவிட்டான். யாரோ உள்ளூர்ல அவனுக்குக் கூட்டு."

"சும்மா அந்த மனுஷன் மேல பழியைப் போடாதே, ஃபிர்மேன்" என்றாள் ஜோசெத், அவர் முன்னால் ஒரு கிளாஸ் ஒயினை வைத்தபடி. "சொலாஞ்ச் கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவராமே அவர்? நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்திருந்தாங்க. 'உன் வீட்டுக்காரர் ஊர்ல ஒரு பள்ளம்கூட விடாம காட்டிட்டார், ஓடைக்கு அந்தப் பக்கத்து செஸ்ட்நட் தோப்பு ஒண்ணுதான் காட்டலை'ன்னு உன்னைப்பத்தி எவ்வளவு பெருமையாச் சொன்னார் தெரியுமா?"