தார்ப்பாய்க்காரரும் திறப்பு விழாவும்

காலை ஆறு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, இரண்டு கால்களோடு தெருவில் நடந்து போன ஒரு நீலத் தார்ப்பாய். மூன்றாம் வீட்டு வாசலில் நின்றது, தும்மியது, மறுபடி நடந்தது.

மல்லசமுத்திரத்துக்கு நான் நிருபராகக் குடிவந்த மறுநாள் அது. தார்ப்பாய்க்குள் இருந்தவரைப் பிறகு நன்றாகத் தெரிந்துகொண்டேன். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மழையைச் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்ட மனிதர் அவர் ஒருவர்தான். பெயர் கேட்டால் அவருக்கே யோசிக்க வேண்டியிருக்கும். ஊருக்கு அவர் தார்ப்பாய்க்காரர்.

வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர். வேலையை விட்டு வரும்போது மற்ற ஓட்டுநர்கள் முதுகுவலியோடு வருவார்கள்; இவர் முதுகுவலியோடு ஒரு கட்டுப் பழைய தார்ப்பாயும் கொண்டுவந்தார். எவர் வாசலில் தானியம் காய்ந்தாலும், வானத்தில் ஒரு துண்டு மேகம் தெரிந்தால் போய் மூடிவிடுவார். ஒரு முறை காயப்போட்ட கம்போடு சேர்த்து, பக்கத்தில் கட்டிலில் தூங்கியவரையும் மூடிவிட்டார். அந்த ஆள் விழித்து, கண் போய்விட்டது என்று அலறியது பேருந்து நிலையம்வரை கேட்டது.

தானியம் சிந்துவதும் அவருக்கு ஆகாது. நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஏற்றிப்போன லாரி ஒன்றில் மூட்டை கிழிந்து, சோளம் சாலையில் கோடு போட்டுக்கொண்டே போனதைப் பார்த்தார். மொபெட்டில் துரத்தினார். கையைக் காட்டிக்கொண்டு ஒருவர் விடாமல் பின்தொடர்வதைக் கண்ட ஓட்டுநர், தவணை கட்டாததற்காக ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடக்கூடச் சோளம் கூடுதலாகக் கொட்டியது. கடைசியில் ஓட்டுநர் ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். வெளியே வந்து பார்த்தபோது மூட்டை தைக்கப்பட்டிருந்தது. தைத்தவர் கோணி ஊசியைத் துடைத்தபடி, "ஒரு டீ வாங்கித் தாங்க சாமி, தொண்டை வறண்டு போச்சு" என்றார்.

இனி மேம்பாலத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில், போட்டு முடித்து இன்னும் திறக்காத சாலை என்றால் அது களம்தான். பாலம் என்றால் இன்னும் விசேஷம்: மேலே காற்று உண்டு, வண்டி வராது. ஊருக்கு வெளியே கட்டிய மேம்பாலத்தில் அந்த ஆண்டு பழனியம்மாள் தன் சோளம் முழுவதையும் காயப்போட்டிருந்தார். கணவர் இல்லாதவர், குத்தகைக் காட்டில் பாடுபடுகிறவர். முந்தைய ஆண்டு அவருடைய லோடில் பூஞ்சை இருக்கிறது என்று தீவன ஆலை திருப்பி அனுப்பியிருந்தது. இந்த முறையும் திரும்பினால் காட்டை விட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் ஏதாவது மில்லுக்குப் போக வேண்டியதுதான் என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

சோளம் பாதி காய்ந்திருந்தபோது திறப்பு விழா அறிவித்தார்கள்; கட்சித் தலைவர் வந்து பாலத்தைத் திறப்பார் என்றார்கள். சோளத்தை அள்ளச் சொல்லி அதிகாரி ஒருவர் வந்தார். மேடைக்குக் கூரை போட வேண்டியவர் வரவில்லை என்ற கவலையும் அவருக்கு இருந்தது. தார்ப்பாய்க்காரர் பேரம் பேசினார்: சோளத்தை ஓரமாகத் தள்ளிக்கொள்கிறோம், மேடைக்குக் கூரை நான் தருகிறேன். அதிகாரி சம்மதித்தார். வானமும் அன்று பளிச்சென்று இருந்தது. மழையைப் பகையாக நினைத்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அதை நம்பினார். இருந்த தார்ப்பாய்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்.

விழா அன்று, முதல் பேச்சாளர் "கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல்" என்று ஆரம்பித்தபோது முதல் துளி விழுந்தது. பழனியம்மாள் சோளத்தின் மேல் தன் முந்தானையை விரித்தார். அது ஒரு முறத்தளவுக்குக்கூடப் போதவில்லை.

தார்ப்பாய்க்காரர் மேடையின் கம்பத்தில் ஏறினார். லாரிக்காரர் முடிச்சு, ஒரு இழுப்பில் அவிழ்ந்தது. கூரை முழுவதும் ஒரே சமயத்தில் இறங்கி, மாலைகளோடு அமர்ந்திருந்தவர்களை ஒரு கணம் மூடி, பிறகு அவர்கள் தலைக்கு மேலாகச் சோளத்தை நோக்கி உருவிக்கொண்டு போனது. அவர்கள் வெளியே தெரிந்தபோது நல்ல மழை.

அப்படியும் கடைசிக் குவியல் மூடாமல் நின்றது. பாலத்தின் முகப்பில் இருந்த வரவேற்பு பேனரை அவர் அறுத்தார். ஓடிவந்த அதிகாரி கையைப் பிடித்தார்.

"யோவ், அது தலைவர் படம்யா."

"ஆமாங்க. அவருதானுங்க காப்பாத்தோணும்."

"அவர் அங்க நனைஞ்சுட்டு நிக்கறாருய்யா."

"ஆளு நனைஞ்சாத் தொவட்டிக்கலாமுங்க சாமி. சோளம் நனைஞ்சா மொளைச்சுப் போகுமுங்க."

தலைவர் மழையில் நின்றார். அவருடைய படம் கைகூப்பிச் சிரித்தபடி சோளத்தின் மேல் படுத்திருந்தது. விழா தள்ளிவைக்கப்பட்டது.

காவலர்கள் தார்ப்பாய்க்காரரைக் கூட்டிப் போனார்கள். பின்னாலேயே நானும் போனேன். நிலைய வளாகத்தில், கடத்தலில் பிடிபட்ட ரேஷன் அரிசி மூட்டைகள் திறந்தவெளியில் நனைந்துகொண்டு கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் தான் எதற்காக அழைத்துவரப்பட்டோம் என்பதை அவர் மறந்துவிட்டார். ஒரு தார்ப்பாய் வேண்டும் என்று காவலரிடம் கேட்டார். எழுத்தரிடம் கேட்டார். ஆய்வாளரின் ஜீப்பின் மேல் கிடந்த உறையைக் கழற்றத் தொடங்கினார். அரிசி வழக்குச் சொத்து, தொடக்கூடாது என்று ஆய்வாளர் விளக்கினார்.

"வழக்கு நிக்குமுங்க, அரிசி நிக்காதுங்களே" என்றார் இவர்.

ஆய்வாளர் காவலர்களிடம், மூட்டைகளை உள்ளே தூக்கி வைக்கவும், இந்த ஆளை வெளியே விடவும் உத்தரவிட்டார். உள்ளே இடம் போதவில்லை. அன்று மாலைவரை எழுத்தர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துதான் எழுதினார்.

நனைந்ததில் தார்ப்பாய்க்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சோளம் பாலத்திலேயே காய்ந்து ஆலைக்குப் போன பிறகும் அது விடவில்லை. பார்க்கப் போனேன். கம்பளி போதாதென்று பழனியம்மாள் அவர் மேல் ஒரு தார்ப்பாயையும் போர்த்தி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார். உள்ளேயிருந்து முகம் மட்டும் தெரிந்தது.

"சோளம்?" என்றார்.

"ஆலையில எறக்கிக்கிட்டாங்கண்ணா. ஈரம் பாக்கற மிஷின வெச்சுப் பாத்துப்போட்டு, ஒண்ணுஞ் சொல்லுல" என்றார் பழனியம்மாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பழனியம்மாள் காற்றில் தூக்கிய ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

இந்த ஆண்டும் பழனியம்மாள் அதே காட்டில்தான் சோளம் விதைத்திருக்கிறார்.