மதர்போர்டில் எறும்பு

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அழகுபாண்டி பவர் பட்டனை மறுபடியும் அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"எத்தன தடவதான் அமுக்குவீங்கண்ணே? அது என்ன காலிங் பெல்லா?" என்றான் சாய்பிரசாத். ரிப்பேர் பார்ப்பதற்காக மதுரையிலிருந்து சமயநல்லூருக்கு பஸ்ஸில் வந்திருந்தான்.

மூடியைக் கழற்றியதும் கடை முழுக்கப் பன்னீர் வாசம். மதர்போர்டு பிசுபிசுவென்று இருந்தது. எறும்புகளில் பாதி ஊர்ந்தன. பாதி ஒட்டிக்கொண்டு செத்திருந்தன.

"இதுக்குப் பன்னீர் சோடா குடுத்தது யாரு?"

அழகுபாண்டி குனிந்து எறும்புகளை ஊதினான். ஞாயிற்றுக்கிழமை நல்லகாமன் வீட்டு ஆட்கள் வந்தபோது எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தது அவன்தான். பாதி குடித்த தன் பாட்டிலை அந்தப் பெட்டியின் தலையில் வைத்ததும் அவன்தான். அதைத் திரும்ப எடுத்த ஞாபகம் இல்லை.

நல்லகாமன் மகளுக்குக் காதணி விழா. பத்திரிகையில் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று முடிவு செய்ய ஊரில் இரண்டு தடவை கூடினார்கள். முதல் தடவை பெஞ்சு உடைந்தது. அடுத்த தடவை ஒருவர் தலையில் தையல் விழுந்தது. அப்புறம்தான் எல்லாரும் இந்த டி.டி.பி. கடைக்கே வந்து, அழகுபாண்டியின் முதுகுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்று, ஒவ்வொரு பேராகச் சொல்லி ஏற்றினார்கள்.

நல்லகாமனின் தம்பிகளுக்கும் மச்சினன் தவசிக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு. தவசி எழுமலையில் இருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. பிள்ளையை மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமனின் பேர் பதினோராவது வரிக்கு இறங்கியது. தம்பிகளுக்குத் திருப்தி. நல்லகாமனின் மனைவி ஒச்சாயி தவசியோடு கூடப் பிறந்தவள். நிற்க இடம் இல்லாமல் பெட்டியை ஒட்டி ஓரமாக நின்றாள்.

"ஒரு காப்பி பிரிண்ட் எடுத்துத் தரட்டாண்ணே?" என்று அன்றைக்கு அழகுபாண்டி கேட்டான்.

"வேணாம். பேப்பர்ல வந்தா எவனாச்சும் பேனாவ எடுப்பான். நேரா அச்சுக்கே போகட்டும்" என்றார் நல்லகாமன்.

ஆகவே அந்த வரிசை இருந்தது ஒரே இடத்தில். அங்கே இப்போது எறும்பு மேய்ந்தது.

"அந்த வரிசை போச்சுன்னா, எவன்கிட்டயோ காசு வாங்கிட்டு நான்தான் அழிச்சேம்பாங்க மாப்ள. கடையப் பூட்டிட்டு எங்கிட்டுப் போவேன்?"

"பயப்படாதீங்க. ஸ்பிரிட்டு வச்சுத் துடைச்சாப் போதும்."

துடைத்தான். காயட்டும் என்றான். அழகுபாண்டி விசிறியால் வீசினான். பொறுமை வீசுகிற வேகத்திலேயே பறந்தது.

"காஞ்சிருச்சு" என்று பவர் பட்டனில் விரலை வைத்தான்.

"இல்லண்ணே, இன்னுங் கொஞ்..."

டப். மெல்லிசாகப் புகை வந்தது. பச்சை விளக்கும் போனது.

"முன்னாடி வெளக்காச்சும் எரிஞ்சுச்சு" என்றான் சாய்பிரசாத்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நல்லகாமன்தான்.

"என்னப்பா, எம்புட்டு தூரம் வந்திருக்கு?"

"பிரிண்ட் போயிட்டிருக்குண்ணே."

"ஆகா! சாயங்காலம் வரலாம்னு இருந்தேன். அப்ப இந்தா வாரேன்."

போனை வைத்துவிட்டு அழகுபாண்டி தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டான்.

சாய்பிரசாத் பையிலிருந்து வேறொரு போர்டை எடுத்தான். "இத மாட்டிருவோம். அப்படியே விண்டோஸையும் புதுசாப் போட்டுருவோம்."

"போர்டுல என்ன வேணா செய்யி. விண்டோஸ் மேல கை வைக்காத."

"ஏன்?"

"தமிழ் எழுத்து அம்புட்டும் அதுலதான் ஏத்தியிருக்கு. வேற மெஷின்ல போட்டா பேரெல்லாம் பூச்சி பூச்சியாத் தெரியும்."

"அந்த எழுத்து சிடிய எடுங்க, திரும்ப ஏத்திக்கலாம்."

அழகுபாண்டி மேலே கை காட்டினான். மொட்டை மாடியில் வற்றல் காய்கிற இடத்தில் நூலில் தொங்கியபடி அந்த சிடி காக்கா விரட்டிக்கொண்டிருந்தது. மனைவி பாண்டீஸ்வரி கட்டியது. முகம் பார்க்க முடியாத அளவுக்குக் கீறல்.

பழைய விண்டோஸோடு புது போர்டை மாட்டினார்கள். திரை வந்தது. அழகுபாண்டி கும்பிட்டான். கையை இறக்குவதற்குள் திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டிவிட்டு அணைந்தது. தானாகவே மறுபடி எழுந்தது. மறுபடி நீலம்.

"என்னடா இது?"

"பழைய போர்டுல இருந்த சிப்பத் தேடுதுண்ணே. புது வீட்டுல முழிச்சு எந்திரிச்சு, பழைய வீட்டு ஞாபகத்துல கொல்லைக் கதவத் தேடிப் போயி செவுத்துல முட்டுற மாதிரி. பழைய போர்டு நல்லா இருக்கையிலயே விண்டோஸுக்குள்ள போயி, எல்லா போர்டுக்கும் பொதுவான டிரைவர் சாஃப்ட்வேர மாத்தி வச்சிருந்தா முட்டாது."

"நல்லா இருந்தா நான் எதுக்குடா போர்ட மாத்துறேன்?"

சாய்பிரசாத் பையைத் துழாவினான். விண்டோஸ் சிடியை உள்ளே தள்ளினான். "அழிக்காம, இருக்கறது மேலயே ரிப்பேர் மட்டும் பண்ணச் சொல்லலாம். ஆனா இந்த எடத்துல தப்பா அமுக்குனா மொத்தமும் போயிரும். கிட்ட வராதீங்க."

அழகுபாண்டி வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டான். பச்சைக் கோடு திரையில் மெதுவாக நகர்ந்தது. பாதி தாண்டியதும் கரண்ட் போனது.

யுபிஎஸ் ஒரு சத்தம் கொடுத்தது. அதற்கு அவ்வளவுதான் தெம்பு.

சாய்பிரசாத் வெளியே போய் செல்போனில் தன் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் தணிந்த குரலில் பேசினான். வேலை முழுக்கக் கெட்டுப்போனால்தான் அவன் அம்மாவைக் கூப்பிடுவான் என்பது அழகுபாண்டிக்குத் தெரியும்.

"என்ன சொல்றாங்க?"

"சாப்பிட்டியான்னு கேக்குறாங்க."

டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. நல்லகாமனும் ஒச்சாயியும் இறங்கினார்கள்.

"பிரிண்ட் எங்கப்பா?"

"கரண்ட் இல்லண்ணே." அன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

நல்லகாமன் பெஞ்சில் உட்கார்ந்தார். "வரட்டும். அந்த வரிசை மட்டும் பத்திரமா இருந்தாப் போதும். இன்னொரு தடவ என் தம்பிமாரக் கூட்டி வச்சுப் பேச என் ஒடம்புல தெம்பு இல்ல. அது போச்சுன்னா, பேசாம தவசிய மேல தூக்கிப் போட்டு முடிச்சிருவேன். எவன் கேக்குறது?"

ஒச்சாயி கழற்றிப் போட்டிருந்த மூடியையும், மேஜையில் கிடந்த கருகிய போர்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கரண்ட் வந்தது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. கோடு போனது. பச்சைக் கோடு வந்து, விட்ட இடத்திலிருந்து நகர ஆரம்பித்தது. கடைசியில் விண்டோஸ் வந்தது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு, நிறமெல்லாம் வெளிறிப்போய். ஆனாலும் வந்துவிட்டது. பத்திரிகையைத் திறந்தார்கள். எல்லாப் பேரும் தமிழில், வரிசை குலையாமல் இருந்தன. பதினோராவது வரியில் தவசி.

"இருக்கு!" என்று கத்தினான் அழகுபாண்டி.

"பெறகு எங்க போகும்?" என்ற நல்லகாமன், தம்பிகளுக்குத் தகவல் சொல்ல எதிரே இருந்த, காசு போடும் ஒரு ரூபாய்ப் போனுக்குப் போனார்.

பிரிண்டர் உறுமத் தொடங்கியது. சாய்பிரசாத் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "போர்டு போனாலும் விண்டோஸ் சாகல. நம்ம கை அப்பிடி."

அழகுபாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "மன்னிச்சுக்கங்க மதினி. எல்லாம் என்னாலதான். அன்னைக்கி நான் பாதி குடிச்சு வச்ச சோடா உள்ள கொட்டிருச்சு."

ஒச்சாயி வெளியே போனில் சிரித்துக்கொண்டிருந்த கணவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்:

"ஏன் தம்பி, உன் பாதிப் பாட்டிலோட என் முழுப் பாட்டிலையும் சேத்துல்ல பின்னால ஓட்டைக்குள்ள ஊத்துனேன், அப்பவும் இது சாகலையா?"