ஏகமனதாகக் குணமடைந்தவர்

உலக மருத்துவம் முடிவு தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு கேள்விக்குத் தீர்மானம் போட்டு விடை கண்ட பெருமை, பாலகாட் மூத்தோர் ஆரோக்கிய முன்னேற்றச் சங்கத்தையே சேரும். குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் என்ன தொடர்பு என்பதே அந்தக் கேள்வி. விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் டீ ஆறுவதற்குள் முடித்தோம். சங்கத்தின் செயலாளர் அடியேன்.

பெங்களூரிலிருந்து மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் டீனாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"குடல்ல இருக்கற சில பாக்டீரியா நம்ம எதிர்ப்புச் சக்தியைக் குழப்பி, மூட்டைத் தாக்க வைக்கலாம்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்குது. மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்திடாதீங்க."

தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தலைவர் காத்தவராயன் எழுந்தார்.

"நா முப்பது வருஷம் அண்டர்கிரவுண்ட்ல வேலை செஞ்சவன், டாக்டரம்மா. கண்ணுக்குத் தெரியாத எடத்துல இன்னா நடக்குதுன்னு எனக்கா தெரியாது?"

டாக்டர் ரயிலைப் பிடிக்கப் போனதும் முதல் தீர்மானம் வந்தது: எல்லா மூட்டுவலிக்கும் கெட்ட பாக்டீரியாவே காரணம். புளித்த கேழ்வரகுக் கூழ் நல்ல பாக்டீரியாவைக் கொடுக்கும். மாத்திரை அதைக் கொல்லும், எனவே மாத்திரை நிறுத்தப்படும். 'பரிசோதனை' உறுப்பினராகத் தலைவரின் மனைவி பாக்கியவதி முன்மொழியப்பட்டார். ஆண்டர்சன்பேட்டையில் ரவிக்கை தைப்பவர். நாலு வருடமாக முடக்குவாதம்.

"மாத்திரை சாப்புட்டாதான் கத்திரி புடிக்க முடியுது. அதை நிறுத்திட்டா நா எப்டி தைக்கறது?" என்றார் அவர்.

"வாய்ப்பேச்சு செல்லாது. ட்ரில் சத்தத்துல காது கேக்காதுன்னு அன்னிக்கே யூனியன்ல போட்ட ரூல். கை தூக்குனாதான் ஓட்டு" என்றார் தலைவர்.

பாக்கியவதி சட்டென்று கையை நேராகத் தூக்கினார். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு மாத்திரை வாங்கி வருபவர் தலைவரே என்பதால் அமலாக்கத்தில் எந்தச் சிக்கலும் எழவில்லை.

முன்னேற்றத்தை நான் வாரம் தவறாமல் பதிவு செய்தேன். மூன்றாவது வாரம் பாக்கியவதி கத்திரியைக் கீழே வைத்தார்; 'ஓய்வு' என்று எழுதினேன். ஐந்தாவது வாரம் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. "கெட்ட பாக்டீரியாங்க ஸ்ட்ரைக் பண்ணுதுங்க. தோக்கற நேரத்துலதான் கூச்சல் ஜாஸ்தியா இருக்கும்" என்று விளக்கினார் தலைவர். அதையும் எழுதினேன். எட்டாவது வாரம் தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வெற்றிக் கூட்டம். பேனர் கட்டினோம். எல்லோருக்கும் கூழ் வழங்கினோம். பாக்கியவதியின் டம்ளரை மட்டும் பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார்.

"கூழால் முடக்குவாதம் பூரண குணம்" என்று தீர்மானத்தை வாசித்தேன். பதினொரு கைகள் உயர்ந்தன.

"எதிர்ப்பவர்கள்?"

பாக்கியவதியின் தோள் அசைந்தது. முழங்கை மேசையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பி, மறுபடி படுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார்.

"செக்ரட்டரி அண்ணா, எனக்கு எதிர்ப்பு கீது. எழுதிக்கோங்க" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "கை தூக்குனாங்களா?"

"இல்லீங்க."

"அப்பொறம் இன்னா? எழுதுங்க."

போன முறை இருந்த ஒரே எதிர்ப்பும் இம்முறை இல்லை. கூழின் மகிமைக்கு இதைவிட ஆதாரம் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் கிடைக்காது. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் விரல்களில் ஒரு வலியும் இல்லை.