பட்டன் சாரின் சன்னல்

தான் செய்த செயலிக்குள் தானே குடியிருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கொல்லிமலையில் எங்கள் ஆபீஸ் கிளார்க். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். எங்களுக்கு அவர் பட்டன் சார்.

கடற்கரை ஊர்க்காரர். மலைக்கு வந்த நாளிலிருந்து குளிரைத் திட்டுவதும் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்பதுமாகக் காலம் ஓட்டியவர், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மொபைல் செயலி செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். இந்த ஆளுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். ஆபீஸ் மாடியில் இரண்டு பேரும் தங்க ஒரே அறை என்பதால் வாயைத் திறக்கவில்லை. வீடியோ ஓடும் அளவுக்கு சிக்னல் கிடைப்பது பின்னாலிருக்கும் பாறை மேல்தான். சாயங்காலமானால் குல்லா, மப்ளர், குடை சகிதம் அதில் ஏறி உட்கார்ந்து வீடியோ பாடம் பார்ப்பார்.

முதல் பாடத்தின் பலனாகத் திரையில் ‘வணக்கம்’ என்று வந்தது. ஆபீஸ் முழுக்கக் காட்டினார். நேராகவே வணக்கம் சொல்லிவிடலாமே சார் என்றேன். அந்த வாரம் முழுக்க எனக்கு மட்டும் எந்த வணக்கமும் கிடையாது.

அடுத்த பாடம் பட்டன். அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். உருப்படியாகப் பதில் சொன்னது வெள்ளையம்மாக்கா. மிளகையும் வாழைத்தாரையும் மலைக்குக் கீழே சேந்தமங்கலம் கொண்டுபோய் விற்பவர்.

"பஸ்ஸு வருதா இல்லையான்னு சொல்லட்டுங்க சார். மூட்டையோட தூத்தல்ல நின்னு காலு மரத்துப் போவுதுங்க."

கீழிருந்து ஏறி வரும் பஸ்தான் திரும்பிப் போகும். மூடுபனி என்றால் சில நாள் வரவே வராது.

இதற்கு சர்வர் வேண்டும், அதாவது கேள்வியை வாங்கிப் பதில் அனுப்ப எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர். அந்தப் பாடத்தில் வாத்தியார் வாயைத் திறப்பார், சிக்னல் போய்விடும். எத்தனை முறை பாறை ஏறினாலும் திறந்த வாய் திறந்தபடி நின்றது. சார் யோசித்தார். எங்கள் சன்னலிலிருந்து பார்த்தால் கீழே வளைவில் பஸ் ஏறுவது தெரியும். பட்டனை அழுத்தினால் தன் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும்படி செய்துவிட்டார். வந்ததும் எழுந்து போய்ப் பார்த்து ‘வருது’ அல்லது ‘வரலை’ என்று பதில் போடுவார். கேட்டவர்கள் போனிலெல்லாம் செயலியை ஏற்றியும் கொடுத்தார்.

இதுக்குப் பேர் செயலியா சார் என்று கேட்டேன்.

"சர்வர் என்ன பண்ணுமோ அதைத்தானே சார் நான் பண்றேன்" என்றார்.

மரவள்ளி பிடுங்கிய கையால் இத்தினியூண்டு பட்டனை எப்படிங்க அமுக்கறது என்று வெள்ளையம்மாக்கா கேட்க, பட்டனைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் திரை முழுக்கப் பட்டன். விளைவு, சுற்றியுள்ள அரியூர் நாட்டு ஊர்களில் யார் குனிந்து கிழங்கு பிடுங்கினாலும் இடுப்பிலிருக்கும் போன் தானே அழுந்தி இங்கே மணி அடிக்கும். சார் ஓடுவார். சோற்றுக் கையோடு ஓடியிருக்கிறார். தலையில் சோப்போடு, துண்டைப் பிடித்துக்கொண்டும் ஓடியிருக்கிறார். விட்டுத் தொலையுங்கள் என்றால் கேட்கமாட்டார்.

"அதுல எது நிஜமா நிக்கற ஆள்னு எப்படி சார் தெரியும்?"

அப்போதுதான் அவர் கேட்டுக்கொண்டே இருந்த மாற்றல் வந்தது. ஆர்டரை மடித்துப் பையில் வைத்துவிட்டு மழையில் பாறை ஏறினார். சேரவேண்டிய தேதிக்குள் சர்வர் பாடத்தை முடித்துவிடும் வெறி. வாத்தியார் வாயை மூடுவதாக இல்லை. நனைந்த கோழியாக இறங்கி வந்தவர், மாற்றலே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். அழுத்தினால் பதில் வராத பட்டனாக அதை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. "சிம்மைக் கழட்டிக் குடுத்துட்டுக் கெளம்புங்க சார்" என்றேன்.

கொடுத்தார். வழியனுப்பக் கூடவே பஸ்ஸில் போனேன். கீழே காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் சன்னல் வழியாகப் பார்ப்பது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்தார். முதலில் எழுந்திருக்க வேண்டுமாம்.

இப்போது மணி அடித்தால் நான் எழுந்திருக்கிறேன். முக்கால்வாசி கிழங்கு பிடுங்குகிற இடுப்புகள்தான். தினமும் சாயங்காலம் ஒன்று மட்டும் கடற்கரையிலிருந்து, அவருடைய புது நம்பரிலிருந்து வருகிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு எங்கள் பஸ் அவருக்கு எதற்கு என்று நான் கேட்டதில்லை. எழுந்து பார்த்துப் பதில் போடுகிறேன்.

நேற்று நல்ல மூடுபனி. ‘வரலை’ என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால், ‘நீங்களாவது வாங்க சார்’ என்றும் சேர்த்துக்கொண்டேன்.