லேசர் வைத்த மறுநாள் காலை

கண்ணாடி இல்லாமல் என் முகம் எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது. பெண் பார்க்க வந்தபோதே கண்ணாடியோடுதான் காப்பி கொடுத்தேன். கல்யாண போட்டோவில் மாலைக்கு மேலே இரண்டு வெளிச்ச வட்டங்கள்தான் தெரியும் (உள்ளே நான் இருக்கிறேன் என்று நம்ப வேண்டியதுதான்). காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே கை தானாக ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிவிடும்.

இது இரண்டாயிரத்து நாலு வாக்கில் நடந்தது. அவருக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை. நான் அரியலூரில் கணக்கு டீச்சர். ஒருநாள் பஸ் நெரிசலில் கண்ணாடி விழுந்து நொறுங்கியது. போர்டு தெரியாமல் அடுத்த வண்டியில் ஏறி, திருமானூர் வந்த பிறகுதான் ஊர் மாறியதே தெரிந்தது (யாரையாவது கேட்டிருக்கலாம். டீச்சர் கௌரவம் தடுத்தது). உடனே புதுக் கண்ணாடி வாங்கினேன். ஆனால் லேசர் வைத்துக்கொள்வது என்றும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"இருக்குற கண்ணையும் குடுத்துட்டு வரப்போறியா கலா?" என்றார் என் மாமியார்.

"இப்பல்லாம் பத்து நிமிசத்துல முடிஞ்சிருதாம் அத்தை."

"பத்து நிமிசத்துல சோறே வேவாது."

திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கருவிழியின் தடிமனை அளந்து, லேசர் தாங்கும் என்றார்கள். ஆபரேஷன் அன்றைக்கு மை, பவுடர், சென்ட் எதுவும் கூடாது. கண்ணை மரத்துப்போக வைக்கச் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் இருக்கக் கிளிப் மாட்டினார்கள்.

"செவப்பு லைட் தெரியுதா? அதையே பாருங்க. அசையக் கூடாது" என்றார் டாக்டர்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை ஏதோ அழுத்தியது. திடீரென்று ஒரே இருட்டு.

"டாக்டர், கரண்டு போயிருச்சுங்க!"

"கரண்டெல்லாம் இருக்கும்மா. கண்ண அழுத்திப் புடிச்சிருக்கோம், அதான் இருட்டு. முன்னாடியே சொன்னேனே?"

சொல்லியிருந்தார். பயத்தில் எது காதில் ஏறியது? வெளிச்சம் திரும்பியதும் டக் டக்கென்று சத்தம், கூடவே முடி பொசுங்குகிற வாசனை. "ஏதோ கருகுதுங்க" என்றேன். "அப்படித்தாம்மா இருக்கும், பேசாம இருங்க" என்றார். அடுத்த கண்ணுக்கு நான் வாயே திறக்கவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் அந்தப் பெண் கையை ரொம்ப நேரம் உதறிக்கொண்டிருந்தது.

வெங்காயம் உரித்தது போல எரிச்சல், தண்ணீர். கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, காலையில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். தூக்கத்தில் கை படாமலிருக்க இரண்டு கண்ணுக்கும் பிளாஸ்டிக் மூடி ஒட்டி அனுப்பினார்கள். வழியெல்லாம் கண்ணை மூடியபடியே வந்தேன். அத்தைதான் படுக்க வைத்தார். அக்கறையோடு என் கைப்பையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து, வழக்கமான இடத்தில் வைத்தும் விட்டார்.

விடிந்தது. கண்ணைத் திறக்காமலே மூடிகளைப் பிய்த்தேன். கை ஜன்னலுக்குப் போனது. மாட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

வீடு முழுக்கப் பனிமூட்டம்.

"என்னங்க! எனக்கு ஒண்ணுமே தெரியலங்க!"

அவர் ஓடி வந்து ஏதோ காட்டினார். "இது எத்தன?"

"எது எத்தன?"

அவ்வளவுதான், அத்தை மாரில் அடித்துக்கொண்டார். எனக்குக் கரும்பலகையும் என் வகுப்புப் பிள்ளைகளின் முகங்களும் மனதில் வந்தன. இனி அவற்றைப் பார்க்கவே மாட்டேனா?

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்ஸ் பேசுவது எங்களுக்கும் கேட்டது.

"வலி இருக்கா சார்?"

"இல்லையாம்."

"கண்ணு செவந்திருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். "சரியா தெரியலம்மா. கண்ணாடி மறைக்குது."

"என்ன கண்ணாடி?"

"அவ எப்பவும் போடுறதுதான்."

"சார், மொதல்ல அதக் கழட்டுங்க."

கழற்றினேன். காலண்டரில் ராகுகாலம் தெரிந்தது. வெளியே முருங்கை மரம் இலை இலையாகத் தெரிந்தது. கைலியோடு, வாயைப் பிளந்துகொண்டு நின்ற என் வீட்டுக்காரர் தெரிந்தார் (மூக்கில் ஒரு தழும்பு. அதுவரை நான் பார்த்ததே இல்லை).

"தெரியுதாடி?" என்று அழுதார் அத்தை.

"தெரியுது அத்தை. உங்க தோட்டுத் திருகாணி ஒண்ணக் காணோம்."

மூன்று பேரும் குனிந்து தேடினோம். கட்டில் காலடியில் கிடந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்குப் பரிசோதனையில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தேன். நர்ஸ்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றாள்.

எங்கள் வீட்டில் இப்போதும் யாரும் நிம்மதியாகப் பதற முடியாது. என் மகள் பரீட்சை முடிவைப் பார்த்துவிட்டு, "பெயிலாயிட்டேன்மா" என்று கதறிக்கொண்டு வந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிரக்கூட இல்லை.

"மொதல்ல கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருடி" என்றார்.

மகள் கண்ணாடியே போடுவதில்லை. ஆனாலும் திரும்பிப் போய்ப் பார்த்தாள். அவள் முதலில் பார்த்தது வேறு யாருடைய நம்பரோ.